கேட்கக் கற்பித்த மருத்துவர்

உரைநடை – வாழ்க்கை வரலாறு

நுழையும் முன்

மருத்துவரின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அதன் குளிர்ந்த வட்டு மார்பில் பட்டதும் மூச்சை ஆழமாக இழுத்து விட்டிருக்கிறோம். அந்தச் சில நொடிகளில் மருத்துவர் எதைக் கேட்கிறார்? அதைக் கேட்க அவர் எவ்வாறு கற்றார்? இருநூறு ஆண்டுகளுக்கு முன் இக்கருவியை உருவாக்கியதோடு, அதன்வழிக் கேட்பது எப்படி என்பதையும் உலகுக்குக் கற்பித்தவர் ரெனே லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர். அவரது வாழ்க்கையை அறிவோம்.

இளமை

பிரான்சு நாட்டின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி பிரித்தானி. அங்குள்ள கெம்பேர் நகரில் 1781ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் ரெனே லென்னெக் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். ஐந்து வயதிலேயே லென்னெக் தாயை இழந்தார். தாயற்ற பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தந்தையால் தாங்க இயலவில்லை. எனவே லென்னெக் முதலில் பாதிரியாரான உறவினர் ஒருவரின் இல்லத்திலும், 1788ஆம் ஆண்டு முதல் நாந்த் நகரில் தந்தையின் உடன்பிறந்தவரான கியோம் லென்னெக்கின் இல்லத்திலும் வளர்ந்தார்.

கியோம் லென்னெக் ஒரு மருத்துவர். அவரது அன்பு, தாயில்லாச் சிறுவனுக்குப் பெருந்துணையாயிற்று. அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. நாந்த் நகரம் அப்புரட்சியின் கொடுமைகளை மிகுதியாகக் கண்டது. தெருக்களில் குருதி சிந்தியது. மருத்துவமனைகளில் காயம்பட்டோரும் காய்ச்சலுற்றோரும் நிறைந்தனர். பதினான்காம் வயதில் லென்னெக் அம்மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தார். புண்களுக்குக் கட்டுப் போடவும் நோயாளிகளின் படுக்கையருகே நின்று கவனிக்கவும் அங்கேதான் கற்றார்.

மகன் மருத்துவம் பயில்வதைத் தந்தை விரும்பவில்லை. இடையில் சில காலம் படிப்புத் தடைப்பட்டது. அந்நாள்களில் லென்னெக் கிரேக்க மொழியைக் கற்றார், கவிதை எழுதினார், புல்லாங்குழல் வாசித்தார், நாட்டுப்புறங்களில் நெடுந்தூரம் நடந்தார். பயனற்ற பொழுதுபோக்குகள் போலத் தோன்றிய இவையெல்லாம் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தன. ஒலியை நுட்பமாகப் பிரித்தறியும் செவியைக் குழலிசை தந்தது. புதிய பொருள்களுக்குப் பெயர் சூட்டும் சொல்வளத்தைக் கிரேக்க மொழி தந்தது.

தட்டிக் கேட்கும் கலை

1801ஆம் ஆண்டு, தம் இருபதாம் வயதில் லென்னெக் பாரிசு நகரை அடைந்தார். ஷாரித்தே மருத்துவமனையில் கோர்விசார் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்றார். கோர்விசார் மாமன்னர் நெப்போலியனுக்கே மருத்துவராக விளங்கியவர். வகுப்பறையைவிட நோயாளியின் படுக்கையருகே நடத்தப்படும் பாடமே சிறந்தது என்பது அவரது கொள்கை. அத்தகைய ஆசிரியரிடம் பயின்ற லென்னெக், 1803ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கும் அறுவை மருத்துவத்துக்கும் உரிய முதற்பரிசுகளை வென்றார். 1804ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார்.

அக்கால மருத்துவர்களின் நிலையை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் நோயாளி கூறுவதைக் கேட்டனர், நாடி பார்த்தனர், நாவையும் தோலின் நிறத்தையும் உற்று நோக்கினர். ஆயினும் மார்புக்கூட்டின் உள்ளே நுரையீரலும் இதயமும் எந்நிலையில் உள்ளன என்பதை அறிய வழி அரிதாகவே இருந்தது. நோயாளி இறந்த பின் உடலை அறுத்துப் பார்க்கும்போதுதான் உண்மை புலப்பட்டது. அப்போது அவ்வுண்மையால் அந்நோயாளிக்கு யாதொரு பயனும் இல்லை.

இக்குறையைப் போக்கும் முதல் முயற்சியை ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் லியோபோல்டு அவென்புருகர் மேற்கொண்டார். அவர் விடுதி நடத்தியவரின் மகன். மதுப் பீப்பாயைத் தட்டிப் பார்த்து, எழும் ஒலியைக் கொண்டு உள்ளே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அறிவது அத்தொழிலில் வழக்கம். அதே முறையில் நோயாளியின் மார்பை விரல்களால் தட்டி, காற்று நிறைந்த இடத்தையும் நீர் கோத்த இடத்தையும் பிரித்தறியலாம் என்பதை அவர் கண்டார். 1761ஆம் ஆண்டு இதைச் சிறு நூலாக வெளியிட்டார். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த அந்நூலைக் கோர்விசார் கண்டெடுத்தார். அம்முறையைத் தாமே கண்டதாக அவர் கூறிக்கொண்டிருக்கலாம், மறுக்க ஆளில்லை. ஆயினும் அவர் 1808ஆம் ஆண்டு அந்நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, அதன் பெருமையை உரியவருக்கே வழங்கினார். தட்டிக் கேட்கும் கலையையும் பிறர் உழைப்பை மதிக்கும் பண்பையும் லென்னெக் இவ்வாறு தம் ஆசிரியரிடமிருந்து பெற்றார்.

தாய்மண்ணின் மொழி

லென்னெக் பிறந்த பிரித்தானியில் நாட்டுப்புற மக்கள் பேசியது பிரெஞ்சு மொழியன்று. பிரெத்தோன் என்னும் தனிமொழி. லென்னெக் வளர்ந்த பின்னரே அம்மொழியை முயன்று கற்றார். 1814ஆம் ஆண்டு நெப்போலியனின் போர்களில் அகப்பட்ட பிரித்தானி இளைஞர் பலர் நோயுற்றுப் பாரிசு மருத்துவமனைகளில் கிடந்தனர். பிரெஞ்சு அறியாத அவர்களால் தம் வலியைக் கூற இயலவில்லை. மருத்துவர் கூறுவதும் அவர்களுக்கு விளங்கவில்லை. அவ்வீரர்களைத் தம் பொறுப்பில் ஒன்றுசேர்த்து, அவர்களின் மொழியிலேயே பேசி லென்னெக் மருத்துவம் செய்தார். கேட்டல் என்பது மருத்துவத்தின் முதற்படி என்பதை, கருவியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார்.

சுருட்டிய தாள்

1816ஆம் ஆண்டு பாரிசிலுள்ள நெக்கர் மருத்துவமனையின் மருத்துவராக லென்னெக் அமர்த்தப்பட்டார். அவ்வாண்டில் இதய நோயின் அறிகுறிகளோடு இளம்பெண் ஒருவர் அவரிடம் வந்தார். அப்பெண் பருத்த உடலினர். ஆகவே மார்பைத் தட்டிப் பார்த்தும் கையை வைத்துப் பார்த்தும் தெளிவு கிடைக்கவில்லை. மார்பின்மீது நேராகச் செவியை வைத்துக் கேட்கும் முறை ஒன்று பழங்கிரேக்க மருத்துவர் காலம் முதலே இருந்தது. ஆனால் இளம்பெண்ணின் மார்பில் செவி வைப்பது முறையாகாது என்று லென்னெக் கருதினார்.

அப்போது ஒலியைப் பற்றிய எளிய உண்மையொன்று அவர் நினைவுக்கு வந்தது. நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையைக் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் செவி வைத்தவருக்கு அவ்வொலி தெளிவாகக் கேட்கும். உடனே தாள்களை எடுத்து இறுகச் சுருட்டிக் குழல்போல் ஆக்கினார். ஒரு முனையை நோயாளியின் மார்பில் வைத்து, மறுமுனையில் தம் செவியைப் பொருத்தினார். நேராகச் செவி வைத்துக் கேட்டபோதெல்லாம் கேட்டதைவிட மிகத் தெளிவாக இதயத்தின் துடிப்பு அவருக்குக் கேட்டது. அவருக்கு வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே உண்டாயின.

மற்றொருவராயின் அந்த மகிழ்ச்சியோடு நின்றிருக்கலாம். லென்னெக் அத்துடன் நிற்கவில்லை. இதயத்தின் ஒலி மட்டுமன்றி மூச்சின் ஒலி, குரலின் ஒலி, நீரின் அசைவு ஆகிய அனைத்தையும் இவ்வழியில் ஆராயலாமே என்று சிந்தித்தார். தாள், மரம், உலோகம், கண்ணாடி எனப் பல பொருள்களில் குழல் செய்து சோதித்தார். மிகக் கடினமான பொருள்களைவிட இலேசான மரமே ஒலியை நன்கு கடத்துவதைக் கண்டார். கடைசல் பொறியில் தாமே மரத்தைக் கடைந்து கருவி செய்தார்.

அது ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள மரக்குழல். நடுவே நுண்துளை இருந்தது. எடுத்துச் செல்ல எளிதாக இரண்டு துண்டுகளாகக் கழற்றும்படி அமைத்தார். அதன் ஒரு முனை புனல்போல் குடையப்பட்டிருந்தது. அதில் பொருந்தும் அடைப்பு ஒன்றும் இருந்தது. இதயத்தையும் குரலையும் கேட்க அடைப்பைப் பொருத்த வேண்டும். மூச்சொலியைக் கேட்க அதைக் கழற்ற வேண்டும். முதலில் அவர் இதை உருளை என்றே அழைத்தார். பின்னர் மார்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் நோக்குதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து ஸ்டெதாஸ்கோப் என்று பெயரிட்டார். செவியால் மார்பின் உள்ளே நோக்கும் கருவி என்பது அதன் கருத்து.

ஒலிகளுக்கு ஓர் அகராதி

கருவி கிடைத்துவிட்டது. ஆயினும் அதன்வழிக் கேட்டவை யாவும் முன்பு எவரும் கேட்டறியாத ஒலிகள். எந்த ஒலி நலத்தைக் காட்டுகிறது? எந்த ஒலி நோயைக் காட்டுகிறது? எந்த நோயை? இவ்வினாக்களுக்கு விடை கூற நூலும் இல்லை, ஆசிரியரும் இல்லை. லென்னெக்கின் உண்மையான உழைப்பு இங்கேதான் தொடங்குகிறது.

நெக்கர் மருத்துவமனையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் நாள்தோறும் நோயாளிகளின் மார்பில் குழலை வைத்துக் கேட்டார். கேட்டவற்றைக் குறித்து வைத்தார். நலம்பெற்றோர் வீடு திரும்பினர். இறந்தோரின் உடலை அறுத்து ஆராய்ந்து, தாம் முன்பு குறித்த ஒலியையும் இப்போது கண்ணால் காணும் உறுப்பின் நிலையையும் ஒப்பிட்டார். ஒருமுறை இருமுறை அன்று. ஒலியும் உறுப்பின் மாற்றமும் மீண்டும் மீண்டும் பொருந்துவதைக் கண்ட பின்னரே முடிவுக்கு வந்தார்.

கேட்ட ஒலிகளை எழுத்தில் வடிப்பது அடுத்த இடர். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலம் அது. நூலைப் படிப்பவர் தொலைநாட்டில் இருந்தாலும் அதே ஒலியை அடையாளம் காண வேண்டும். எனவே எல்லாரும் அறிந்த அன்றாட ஒலிகளையே லென்னெக் உவமையாகக் கொண்டார். நுரையீரல் அழற்சியின் தொடக்கத்தில் எழும் ஒலி, சூடான சட்டியில் இட்ட உப்பு வெடிக்கும் ஒலியை ஒத்தது என்றார். வேறோர் ஒலியைப் புறாவின் குனுகலோடும், மற்றொன்றைப் பறவைக் குஞ்சின் கீச்சொலியோடும் ஒப்பிட்டார். இதயத்தில் கேட்கும் ஒருவகை முரல் ஒலிக்குக் கொல்லன் உலைத்துருத்தியை உவமை கூறினார். நெஞ்சில் நீர் கோத்தவர் பேசும்போது குழலில் கேட்கும் நடுங்கிய குரலுக்கு ஆட்டின் கனைப்பை நினைவூட்டும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். காசநோயால் நுரையீரலில் குழி விழுந்திருந்தால் நோயாளியின் குரல் மார்பிலிருந்தே நேராகப் புறப்பட்டுக் குழல் வழியே செவியை அடைவது போல் தோன்றும். இவ்வடையாளத்தைக் கண்டபோது, உயிருள்ள மனிதரின் மார்புக்குள் மறைந்திருக்கும் குழியை அறுக்காமலே அறியும் ஆற்றல் மருத்துவத்துக்குக் கிடைத்தது.

பெயரிடுவதிலும் அவரிடம் பரிவு இருந்தது. மூச்சின் கரகரப்பைக் குறிக்க அவர் முதலில் தெரிந்தெடுத்த பிரெஞ்சுச் சொல், இறக்கும் தறுவாயில் தொண்டையில் எழும் ஒலியையும் குறிக்கும். அச்சொல்லைக் கேட்டால் நோயாளி தம் இறுதி நெருங்கிவிட்டது என்று அஞ்சுவார். ஆகவே படுக்கையருகே பேசும்போது அதற்கு இணையான கிரேக்க, இலத்தீன் வழிச் சொல்லொன்றைப் பயன்படுத்தினார்.

1818ஆம் ஆண்டு தம் ஆய்வுகளைப் பாரிசு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். 1819ஆம் ஆண்டு அவை இரு தொகுதிகள் கொண்ட பெருநூலாக வெளிவந்தன. நூலை வாங்குவோர் கூடுதல் தொகை செலுத்தி மரக்குழலையும் பெற்றுக்கொள்ளலாம். நூலின்றிக் குழல் பயன்படாது. குழலின்றி நூல் விளங்காது.

லென்னெக்கின் முடிவுகள் யாவும் சரியானவை அல்ல. இதயத்தின் இரண்டாம் ஒலி மேலறைகள் சுருங்குவதால் எழுகிறது என்று அவர் கருதினார். இதயத்தின் அடைப்பிதழ்கள் மூடுவதால் அது எழுகிறது எனப் பின்வந்தோர் கண்டறிந்தனர். எனினும் அவர்கள் அப்பிழையைத் திருத்துவதற்கும் லென்னெக் அமைத்த வழியே துணைநின்றது.

எதிர்ப்பும் ஏற்பும்

புதியதை உலகம் உடனே ஏற்பதில்லை. மரக்குழலை ஏந்தி நோயாளியின் அருகே குனிவது மருத்துவரின் மதிப்புக்குக் குறைவு என்று சிலர் எண்ணினர். சிலர் அதை விளையாட்டுப் பொருள் என்று எள்ளினர். லென்னெக்கின் நூலை 1821ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜான் ஃபோர்ப்ஸ் என்னும் மருத்துவரே, இக்கருவி பொதுவழக்குக்கு வருமா என்பதில் தமக்கு ஐயம் உண்டு என எழுதினார். இதில் தேர்ச்சி பெற மிகுந்த காலமும் உழைப்பும் தேவைப்படும் என்பது அவரது ஐயத்துக்குரிய காரணங்களுள் ஒன்று.

அந்த ஐயத்தில் ஓர் உண்மை இருந்தது. குழலை வாங்கி ஒருமுறை மார்பில் வைத்தவுடன் நோய் விளங்கிவிடுவதில்லை. இதை லென்னெக்கும் நன்கு அறிந்திருந்தார். எனவே முதலில் நலமுள்ளோரின் மூச்சைக் கேட்டுப் பழக வேண்டும் என்றார். இயல்பான ஒலியை அறியாதவர் இயல்பு திரிந்த ஒலியை எங்ஙனம் அறிய இயலும்? குழந்தையின் மூச்சொலி வேறு. முதியவரின் மூச்சொலி வேறு. இவற்றையெல்லாம் செவி பலமுறை கேட்டுப் பழகிய பின்னரே நோயின் ஒலி தனித்துத் தெரியும்.

அளவற்ற உழைப்பால் லென்னெக்கின் உடல் நலிந்தது. நூல் வெளிவந்ததும் பாரிசை விட்டுப் பிரித்தானியில் கெர்லூவார்னெக் என்னும் இடத்திலிருந்த தம் இல்லத்துக்குச் சென்றார். கடற்காற்றும் ஓய்வும் உடலைத் தேற்றின. 1821ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் பாரிசுக்குத் திரும்பினார். 1822இல் பிரான்சுக் கல்லூரி எனப்படும் உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியரானார். தாம் மாணவராக இருந்த ஷாரித்தே மருத்துவமனையிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்.

அவரிடம் பயில ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் இளம் மருத்துவர்கள் வந்தனர். அவர்களுள் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆகவே லென்னெக் படுக்கையருகே இலத்தீனில் பேசினார். அக்காலத்தில் மருத்துவம் பயின்றோர் யாவரும் இலத்தீன் அறிந்திருந்தனர். நோயாளிக்கு அம்மொழி தெரியாதாகையால், கடுமையான நோயின் பெயர் அவர் செவியில் விழாமலும் காக்கப்பட்டது. இவ்வாறு பயின்று தம் நாடு திரும்பியவர்களே அக்கலையை உலகெங்கும் பரப்பினர்.

தம் மார்பில் கேட்ட ஒலி

அக்கால ஐரோப்பாவில் மக்களைப் பெருமளவில் மாய்த்த நோய் காசம். லென்னெக்கின் இளவல் 1810ஆம் ஆண்டு அந்நோய்க்கு இரையானார். உற்ற நண்பரும் காசநோயை ஆராய்ந்தவருமான மருத்துவர் பேல் 1816ஆம் ஆண்டு அதே நோயால் மறைந்தார். நுரையீரலில் தோன்றும் சிறு முடிச்சுகளும், அவை குழைந்து உருவாகும் குழிகளும் ஒரே நோயின் வெவ்வேறு நிலைகள் என்பதைத் தெளிவுபடுத்தியவர்களுள் தலையானவர் லென்னெக். காசநோயின் ஒலிகளை அவரைப்போல் அறிந்தவர் அன்று எவரும் இலர்.

1826ஆம் ஆண்டு அவர் தம் நூலின் இரண்டாம் பதிப்பை முடித்தார். விரிவாகத் திருத்திய பதிப்பு அது. அவ்வேளையில் இருமலும் காய்ச்சலும் மூச்சிளைப்பும் அவரை வாட்டின. உடல் நாளுக்கு நாள் மெலிந்தது. தம் உறவினரும் மாணவருமான மெரியாதெக் என்னும் இளம் மருத்துவரைத் தம் மார்பில் குழலை வைத்துக் கேட்குமாறு பணித்தார். மெரியாதெக் கேட்டார், கேட்டதைக் கூறினார். அவை லென்னெக் தம் நூலில் விரித்துரைத்த காசநோயின் ஒலிகளே.

ஆசிரியர் கற்பித்ததை மாணவர் நன்கு கற்றிருந்தார் என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை. நோயை அறியும் வழி பிறந்துவிட்டது. அதைத் தீர்க்கும் வழி இன்னும் பிறக்கவில்லை. காசநோய்க் கிருமியை இராபர்ட் கோக் கண்டறிந்தது 1882ஆம் ஆண்டில். அதை வெல்லும் மருந்துகள் வந்ததோ இருபதாம் நூற்றாண்டில்.

லென்னெக் மனைவியுடன் மீண்டும் கெர்லூவார்னெக் சென்றார். 1826ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13ஆம் நாள் தம் 45ஆம் வயதில் அங்கே காலமானார். தாம் பயன்படுத்திய ஸ்டெதாஸ்கோப்பை மெரியாதெக்குக்கு உரியதாக விட்டுச் சென்றார். தாம் விட்டுச் செல்லும் உடைமைகளுள் மிகச் சிறந்தது அதுவே என்று அவர் கருதினார்.

செவிக்குப் பயிற்சி

லென்னெக்குக்குப் பின் அவரது மரக்குழல் பல மாற்றங்களைக் கண்டது. 1852ஆம் ஆண்டு நியூயார்க் நகர மருத்துவர் ஜார்ஜ் கம்மான், இரு செவிகளிலும் பொருத்திக் கேட்கும் கருவியை வடிவமைத்தார். நாம் இன்று காணும் வடிவம் அதன் வழிவந்தது. 1895இல் எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் இதயத்தின் இயக்கத்தைத் திரையில் காட்டும் கருவிகளும் வந்தன.

கருவிகள் பெருகப் பெருக, செவியின் பயிற்சி குறைந்தது. 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை உணர்த்தியது. பயிற்சியிலிருந்த மருத்துவர்கள் நூற்றுக்கணக்கானோருக்குப் பதிவு செய்யப்பட்ட இதய ஒலிகள் கேட்கத் தரப்பட்டன. அவர்கள் சரியாக அடையாளம் கண்டவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. அவர்கள் கழுத்திலும் ஸ்டெதாஸ்கோப் இருந்தது. குறைந்தது பயிற்சியே.

இக்குறை தீர்க்க இயலாததும் அன்று. பிலடெல்பியா நகரின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்கு ஒவ்வொரு வகை இதய முரல் ஒலியையும் சில நூறு முறை திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தனர். அவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. இசை பயில்வோர் ஒரே வரிசையைப் பலநூறு முறை பாடிச் சுரத்தானங்களை மனத்தில் பதிப்பது போன்றதே இது. விளக்கத்தை ஒருமுறை கேட்டால் அறிவு பெறலாம். ஒலியைப் பன்முறை கேட்டால்தான் செவி பெறும்.

திரையில் காட்டும் கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. மின்சாரம் நின்றுபோன இரவிலும், சிற்றூரின் சுகாதார நிலையத்திலும், ஓடும் இரயிலிலும் மருத்துவரிடம் இருக்கக்கூடியது ஸ்டெதாஸ்கோப்தான். மேலும், எந்த நோயாளியைப் பெரிய சோதனைக்கு விரைந்து அனுப்ப வேண்டும் என்று முதலில் தெரிவிப்பதும் பெரும்பாலும் அதன்வழிக் கேட்கும் செவிதான். லென்னெக்கின் உயிரைக் கவர்ந்த காசநோய்க்கு இன்று மருந்துண்டு. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் அது விலையின்றி வழங்கப்படுகிறது. நோயை உரிய காலத்தில் அறிந்தால் நோயாளி பிழைப்பார். அவ்வாறு அறிவதற்கு ஒருவர் பொறுமையுடன் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். அதைக் கற்பிக்கவே லென்னெக் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

சொற்பொருள்

திங்கள் – மாதம்
இளவல் – தம்பி
குருதி – இரத்தம்
அழற்சி – வீக்கமும் சூடும் கொண்ட நோய்நிலை
கடைசல் – மரத்தைச் சுழற்றிச் செதுக்கி உருவாக்குதல்
துருத்தி – உலையில் காற்றூதும் தோற்கருவி
குனுகல் – புறா எழுப்பும் மெல்லொலி
எள்ளினர் – இகழ்ந்தனர்
தறுவாய் – நேரம், வேளை
காசம் – நுரையீரலைத் தாக்கும் தொற்றுநோய், டி.பி.
அடைப்பிதழ் – இதயத்தில் குருதி பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் மடல்

தெரிந்து தெளிவோம் – இரட்டைக்கிளவி

ஒலி, விரைவு முதலிய குறிப்புகளை உணர்த்த இரட்டித்தே வரும் சொல் இரட்டைக்கிளவி. பிரித்தால் அது பொருள் தராது.

எடுத்துக்காட்டு: நீர் சலசலவென ஓடியது. இதயம் படபடவென அடித்துக்கொண்டது.

சலசல, படபட என்பவற்றைச் சல, பட எனப் பிரித்தால் பொருள் இல்லை. கேட்ட ஒலியைச் சொல்லில் வடிக்கத் தமிழ் தரும் வளங்களுள் இதுவும் ஒன்று.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. லென்னெக் பிறந்த நகரம்
அ) பாரிசு ஆ) நாந்த் இ) கெம்பேர் ஈ) நியூயார்க்

2. மார்பைத் தட்டி நோயறியும் முறையை 1761இல் நூலாக வெளியிட்டவர்
அ) கோர்விசார் ஆ) அவென்புருகர் இ) ஃபோர்ப்ஸ் ஈ) கம்மான்

3. 'மதிப்பு' என்பதன் எதிர்ச்சொல்
அ) பெருமை ஆ) இகழ்ச்சி இ) வியப்பு ஈ) பரிவு

ஆ. பிரித்து எழுதுக.

முதற்பரிசு, மூச்சொலி, பெருங்கடல், வாழ்நாள்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. குழலிசையும் கிரேக்க மொழியும் லென்னெக்குக்குப் பின்னாளில் எவ்வாறு உதவின?
2. பிரித்தானி வீரர்களிடம் லென்னெக் எம்மொழியில் பேசினார்? ஏன்?
3. மரக்குழலின் அடைப்பை எப்போது பொருத்த வேண்டும்? எப்போது கழற்ற வேண்டும்?

ஈ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.

1. கோர்விசாரின் உயர்ந்த பண்பை விளக்குக.
2. தாம் கேட்ட ஒலிகளை லென்னெக் எவ்வெவற்றோடு ஒப்பிட்டார்? அவ்வாறு ஒப்பிட்டதன் தேவை யாது?
3. நலமுள்ளோரின் மூச்சை முதலில் கேட்டுப் பழக வேண்டும் என்று லென்னெக் கூறியது ஏன்?

உ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

நல்ல கருவி இருப்பது மட்டும் போதாது. அதைக் கையாளும் பயிற்சியும் வேண்டும் என்பதை லென்னெக்கின் வாழ்க்கைவழி நிறுவுக.

ஊ. இரட்டைக்கிளவியைக் கொண்டு தொடர் அமைக்க.

கலகல, கடகட, நறநற, மடமட

எ. செய்து பார்ப்போம்

மேசையின் ஒரு முனையை உங்கள் நண்பர் குண்டூசியால் மெல்லக் கீறட்டும். மறுமுனையில் செவியை வைத்துக் கேளுங்கள். பின் செவியை எடுத்துவிட்டுக் கேளுங்கள். அடுத்து, தடித்த தாளை இறுகச் சுருட்டி, உங்கள் நண்பரின் மார்பில் வைத்து இதயத் துடிப்பைக் கேளுங்கள். அமர்ந்திருக்கும்போதும், ஓடி வந்த பின்னும் கேட்ட ஒலிகளின் வேறுபாட்டை எட்டுத் தொடர்களில் எழுதி வகுப்பில் படியுங்கள்.